அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே

நவம்பர் மாதம் பாங்கில் பென்ஷன்காரர்களின் மாதம். உயிரோடு இருப்பதாக அவர்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே இதைச் செய்துவிடலாம் என்றாலும் பலர் நேரில்தான் வருகிறார்கள். நான் அரியலூரில் வேலை பார்த்த வருஷங்களில் அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைத் தாண்டியவர். ஒரு நவம்பரில் சான்றிதழோடு ஒரு நோட்டையும் கொண்டுவந்தார். பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய பழைய நோட்டு. நான் புத்தகம் படிக்கிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பெரும்பாலான துண்டுகளில் பத்திரிகையின் பெயரும் தேதியும் இல்லை. வெட்டும்போது போய்விட்டன. பசை விட்டுப்போன இடங்களில் பின்பக்கம் தெரிகிறது: ஒரு தைல விளம்பரத்தின் பாதி, ஏதோ சினிமாப் பெயரின் கடைசி எழுத்துக்கள். முதல் சில பக்கங்கள் முழுவதும் 1956 நவம்பர் 23 விடியற்காலையில் நடந்த ரெயில் விபத்து. இது எதிர்பார்த்ததுதான். அரியலூர் என்றவுடன் ஒரு தலைமுறைக்கு வேறு எதுவும் ஞாபகம் வந்ததில்லை.

நான் எதிர்பாராதது வேறு. செய்திகளில் ‘அரியலூரில்’ என்று வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ‘அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே’ என்று எழுதியிருந்தார். எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார். கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவைத் திருத்துகிறவன் சுருக்கொப்பம் போடவேண்டும் என்பது எல்லா ஆபீஸிலும் உள்ள விதி. திருத்தத்துக்கு யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும்.

“தம்பி, அரியலூர்ல எந்த வண்டியும் கவுரல. ஸ்டேஷன் அப்படியேதான் இருந்துச்சு. கவுந்தது மருதையாத்துல” என்றார்.

ஒரு வேற்றுமை உருபைப் பற்றி அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரு மனிதர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். இது கிழவரின் பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தேன். நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அப்படித் தோன்றவில்லை.

நடந்தது இது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகிற பாதையில் சென்னை-தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலம். மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கிற மருதையாற்றில் வெள்ளம். பாலத்தை ஒட்டிய மண்கரை அரித்துப் போயிருந்தது. இஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. செத்தவர்கள் 140க்கு மேல் என்பார்கள். 150ஐத் தாண்டுகிற கணக்கும் உண்டு. மூன்று மாதங்களுக்குள் இது இரண்டாவது. செப்டம்பர் 2ஆம் தேதி மகபூப்நகர் அருகே இதேபோல் பாலம் ஒன்றில் நடந்த விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்திருந்தார்கள். அப்போதே ராஜிநாமா செய்ய முன்வந்த ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரியை நேரு தடுத்துவிட்டார். இந்த முறை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக அல்ல, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காக ஏற்பதாகப் பார்லிமெண்டில் விளக்கமும் சொன்னார்.

அன்றோடு அரியலூர் மருதையாற்றை விட்டு டெல்லிக்குப் போய்விட்டது. இன்றுவரை பொறுப்பில் இருக்கிற யாராவது ராஜிநாமா செய்ய மறுத்தால் அரியலூரை இழுப்பார்கள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் சாஸ்திரியைப் பற்றிப் பேசுகிற பையனுக்கு அரியலூர் ஒரு நீதிக்கதையின் தலைப்பு. அந்தக் கதையும் பாதியில்தான் சொல்லப்படுகிறது. அடுத்த வருஷம் தேர்தலில் ஜெயித்து சாஸ்திரி மறுபடி மந்திரி சபைக்கு வந்தார் என்பதைச் சேர்த்தால் நீதியின் கூர்மை சற்றுக் குறையும். அவருடைய நாணயத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நாணயமான ஒரு மனிதரின் கதையாக அது ஆனபோது, ஆற்றில் போனவர்கள் அந்தக் கதைக்கு வேண்டிய எண்ணிக்கையாக ஆனார்கள்.

கிழவரின் தகப்பனார் தண்டவாளத்தில் கேங்மேனாக வேலை பார்த்தவர். விபத்து நடந்த பகுதி அவருடையதல்ல. ஸ்டேஷனுக்கு வடக்கே அவருக்கு வேலை. மழைக்காலத்தில் ராத்திரி முழுவதும் லாந்தரோடு பாதையைப் பார்த்துக்கொண்டு நடப்பது கேங்மேன்களின் கடமை. விபத்தைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியதில்லையாம். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. பத்திரிகையை வெட்டி ஒட்டியது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். தகப்பனாரைக் குற்றம் சொல்லி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே படிக்க ஆரம்பித்ததாகச் சொன்னார்.

“மந்திரி ராஜிநாமா பண்ணிட்டாரு. எங்கப்பா மறுநா ராத்திரியும் லாந்தரை எடுத்துக்கிட்டுப் போனாரு” என்றார். குரலில் கசப்பு ஒன்றும் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல்தான் சொன்னார். ராஜிநாமா செய்ய முடிகிறவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நீதிக்கதையிலும் நான் படித்ததில்லை.

அரியலூர் டெல்லிக்குப் போனதுபோல் செங்கற்பட்டுக்கும் போயிற்று. அப்போது ரெயில்வே துணைமந்திரியாக இருந்தவர் ஓ. வி. அளகேசன். செங்கற்பட்டுப் பக்கத்துக்காரர், அரியலூருக்கும் அவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. 1957 தேர்தலில் தி.மு.க.வினர் அவரை ‘அரியலூர் அழகேசா’ என்று கூப்பிட்டார்கள். ஆண்டது போதாதா, மாண்டது போதாதா என்று எதுகையோடு கேட்டார்கள். அளகேசன் தோற்றார். கோஷங்களின் சரித்திரத்தில் இது ஒரு சாதனை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊர்ப்பெயரைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது வித்துவான்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் இருந்த கௌரவம். ஒருவர் கேட்காமலே அந்தக் கௌரவத்தை அவர் தலையில் கட்டி, அதைக் குற்றப்பத்திரிகையாகவும் ஆக்கினார்கள். இதில் ஊரும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை.

இதே பாதையில், கல்லகத்தை அடுத்து இருப்பது கல்லக்குடி. விபத்துக்கு மூன்று வருஷம் முன்னால், 1953 ஜூலை 15 அன்று, டால்மியாபுரம் என்றிருந்த ஸ்டேஷன் பலகையில் கல்லக்குடி என்று எழுதிய காகிதத்தை ஒட்டிவிட்டு மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தார்கள். ஊர்ப்பெயரை சிமெண்டு முதலாளி எடுத்துக்கொண்டதற்கு எதிர்ப்பு. தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் பழைய பெயர் திரும்பியது. பெயர் பலகையிலிருந்து போனால் போராடி மீட்கலாம். அரியலூரின் பெயர் பலகையில் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த அர்த்தம் போய்விட்டது. இதற்கு எந்தத் தண்டவாளத்தில் படுப்பது?

நோட்டின் நடுப்பக்கத்துக்குப் பிறகு 1987. மார்ச் 15 அன்று, அதே மருதையாற்றுப் பாலத்தில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். இந்த முறை வெள்ளம் அல்ல, வெடிகுண்டு. வைத்தவர்கள் தமிழரசன் தலைமையில் இயங்கிய தமிழ்நாடு விடுதலைப் படையினர். சாவு, பார்க்க வந்த மந்திரிகள், விசாரணை, திரும்பவும் ‘அரியலூரில்’. திரும்பவும் பென்சில் கோடு, சுருக்கொப்பம். அதே வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி, பக்கத்துப் பொன்பரப்பியில் பாங்கைக் கொள்ளையடிக்க வந்த தமிழரசனும் நான்கு தோழர்களும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கூட்டம் அடித்தது என்றார்கள்; கூட்டத்தில் மஃப்டி போலீஸ் இருந்தது என்றும் சொல்கிறார்கள். பொன்பரப்பித் துண்டில் மட்டும் திருத்தம் எதுவும் இல்லை. பொன்பரப்பியில் என்று போட்டிருந்தார்கள், நடந்ததும் பொன்பரப்பியில்தான்.

இரண்டு விபத்துக்களும் இன்று பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன. வெள்ளத்தில் விழுந்த வண்டியைக் குண்டு வைத்ததாகவும், குண்டு வைத்த வண்டிக்காக சாஸ்திரி ராஜிநாமா செய்ததாகவும் எங்கள் கவுண்டருக்கு முன்னாலேயே நான் கேட்டிருக்கிறேன். 1966இல் செத்துப்போன சாஸ்திரி 1987க்காக எப்படி ராஜிநாமா செய்வார் என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. இயற்கை செய்தது, அரசாங்கத்தின் அசிரத்தை செய்தது, அரசியல் செய்தது என்ற மூன்றும் ஒரே பெயரின் கீழ் விழுந்தால் அவற்றைப் பிரித்துப் பார்க்கிற சிரமம் யாருக்கும் இல்லை. பெயர் தெரிந்தால் விஷயம் தெரிந்துவிட்டதாக எண்ணுகிற சௌகரியத்தைத்தான் பத்திரிகை நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறது.

இது பழைய கதை என்று சொல்வதற்கில்லை. 2017இல், மருத்துவப் படிப்புக்கான நுழைவுத்தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு பெண் உயிரை விட்டபோது, அவள் பெயருக்கு முன்னால் அரியலூர் ஒட்டிக்கொண்டது. அவள் ஊர் குழுமூர். அதுவும் ஒரு செப்டம்பர் 1ஆம் தேதி.

உள்ளூர்ச் சரித்திரம் என்று நம்மிடம் இருப்பவை இரண்டு வகை. ஒன்று தலபுராணத்தின் வாரிசு: எங்கள் ஊர் மண்ணுக்கு ஈடில்லை என்று ஆரம்பித்து நன்கொடையாளர் பட்டியலில் முடிவது. இன்னொன்று வெள்ளைக்காரனின் ஜில்லா மானுவல், கெஜட்டியர்: வரி, பயிர், ஜாதி, ஜமீன் வாரிசு வழக்கு. திருச்சி ஜில்லாவுக்கு லூயிஸ் மூர் 1878இலும், ஹெமிங்வே 1907இலும் எழுதினார்கள். இவற்றுக்கு நடுவில் ஊர் இருந்த விதத்தை, அதன் சாதாரண நாளை, எழுதியவர்கள் மிகக் குறைவு.

அரியலூருக்கு அந்த அதிருஷ்டம் ஒருமுறை வாய்த்திருக்கிறது. உ. வே. சாமிநாதையரின் பிள்ளைப்பிராயத்தில் ஒரு பகுதி அங்கே கழிந்தது. ‘என் சரித்திர’த்தில் அது அரியிலூர். தகப்பனாரின் சங்கீதப் பிழைப்பு, சடகோப ஐயங்காரிடம் பையன் தமிழ் கேட்டது என்று போகிறது. சம்பவம் என்று பத்திரிகைக்காரன் ஒப்புக்கொள்ளக்கூடியது ஒன்றும் இல்லை. ஆனால் அதுவும் பத்திரிகையில் வந்ததுதான். 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் வாராவாரம். ஆகவே அச்சின்மேல் பழிபோட்டுப் பயனில்லை. ஒரு ஊரை அங்கே வாழ்ந்தவன் சொல்கிறானா, அங்கே செத்தவர்களை எண்ண வந்தவன் சொல்கிறானா என்பதுதான் விஷயம். ஐயர் எண்பது வயதுக்குமேல் அந்த ஊரைத் தனக்குத் தமிழ் கிடைத்த இடமாக ஞாபகம் வைத்திருந்தார்.

உலகத்தில் இன்னும் சிலருக்கு அரியலூர் வேறு அர்த்தத்தில் தெரியும். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் தென்னிந்தியாவின் இந்தப் பகுதிகளில் சிப்பி முதலான கடற்பிராணிகளின் கல்லாகிப்போன உடல்களைச் சேகரித்தார்கள். பிறகு வந்த ஹென்ரி பிளான்ஃபோர்டு பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்து 1862இல் எழுதினார். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. மேலடுக்கான அரியலூர்ப் பாறைகள் டைனோசார்கள் அழிந்த சமயம் வரைக்கும், அதாவது சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்வரைக்கும் வருபவை. அப்போது இங்கே கடல். அந்தக் கடலின் சுண்ணாம்புதான் இன்று சிமெண்டு. 1979 முதல் அரசாங்க ஆலையும் நடக்கிறது. அடுக்குக்கு ஊர்ப்பெயரை வைத்தவர் அந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும் எழுதிவைத்தார். பெயரைக் கடன் வாங்குகிறவனிடம் எதிர்பார்க்க வேண்டிய குறைந்தபட்ச நேர்மை இது.

நோட்டின் கடைசித் துண்டு மாவட்டத்தைப் பற்றியது. அரியலூர் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். அந்தத் துண்டில் தேதி வெட்டுப்படாமல் இருந்தது. புதிய மாவட்டம் உதயமானது நவம்பர் 23. விபத்தின் 51ஆம் வருஷ நாள். தேதியை நிர்ணயித்தவர்களுக்கு இது ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கூர்க்கோட்டைத்தவிரக் கிழவரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தப்பாக எதுவும் அச்சாகவில்லை, திருத்துவதற்கு.

இதையெல்லாம் யாருக்காகத் திருத்தினீர்கள் ஐயா என்று கேட்டேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். “தப்புன்னு தெரிஞ்சப்புறம் அப்படியே விட்டா நாமளும் எழுதின மாதிரிதானே தம்பி” என்றார். சான்றிதழில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில் நானும் ‘அரியலூர் ரெயில் விபத்து’ என்றுதான் ஆரம்பித்திருந்தேன். அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன்.