கறுப்பர் நகர மதிலும் மாடிப் பூங்காவும்

சென்னையின் கோட்டை எனின் கற்றோர் நெஞ்சில் புனித ஜார்ஜ் கோட்டையே தோன்றும். அதற்கு வடக்கே, இராயபுரத்தை ஒட்டிய இப்ராகிம் சாகிபு தெருவில், மற்றோர் அரணின் எச்சம் உள்ளது. அதனை மக்கள் கோட்டை என்றோ மதில் என்றோ வழங்குவதிலர். 'மாடிப் பூங்கா' என்பர். மதிலின் மேல் பூங்கா அமைந்தமையால் வந்த பெயர் இது. இவ்வெச்சத்தைப் பொதுமக்களுக்குரிய வரலாற்றுச் சின்னமாகப் பேணுங்கால், யாருடைய வரலாறாக அதனைக் காட்டுவது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

மதில் எழுந்த சூழலை முதற்கண் நோக்குவோம். பழைய கறுப்பர் நகரம் கோட்டையின் வடபுறத்தை ஒட்டியே இருந்தது. 1746 முதல் 1749 வரை சென்னையைக் கைக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் அதன் ஒரு பகுதியை இடித்தனர். பகைவர் மறைந்து தாக்க இடமாகும் என்று அஞ்சி, எஞ்சியதைப் பின்னர் ஆங்கிலேயரே இடித்து வெளியாக்கினர். வீடுகளோடு சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும் இடம்பெயர்ந்து பூக்கடைப் பகுதியை அடைந்தன. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அவ்விடத்திலேயாம். குடிகள் முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். அங்கும் அவர்களுக்கு அரண் இல்லை. 1758 திசம்பரில் இலாலியின் படை அப்பேட்டைகளுள் எளிதிற் புகுந்தது. 1769இல் ஐதர் அலி நகரின் வாயிலளவும் வந்து, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார்.

இதன் பின்னரே மதில் விரைந்து எழலாயிற்று. ஒப்பந்தம் பெற்றவர் பால் பென்பீல்டு என்பார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெரும்பொருள் ஈட்டி, 1785இல் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க்கின் கடுஞ்சொல்லுக்கு ஆளானவரும் இவரே. மதில் ஏறத்தாழ மூன்றரை மைல் நீண்டு, பேட்டைகளின் வடபுறத்தையும் மேற்புறத்தையும் வளைத்து நின்றது. செலவை ஈடுசெய்யக் குடிகள்மேல் வரி விதிக்கக் கருதினர். அது தண்டப்படவில்லை என்பர். தண்டப்படாத வரி தெருப்பெயராய் நிலைத்ததுதான் வியப்பு. மேலை மதிலை ஒட்டிய சாலைக்கு வ.உ.சி. பெயர் சூட்டிய பின்னரும் 'வால்டாக்ஸ் ரோடு' மக்கள் நாவினின்று அகலவில்லை.

சொல்லாராய்ச்சி செய்வார்க்கு இங்கே நல்ல விருந்துண்டு. மேலை மதிலின் வாயில் ஒன்று 'யானைக்கவுனி' எனப்பட்டது. 'கவுனி' என்பது கோட்டை வாயில். தெலுங்கில் 'கவினி' என வழங்கும். வாயில் மறைந்து நெடுங்காலமாயிற்று. பெயர் பேட்டைக்குரியதாய் வாழ்கின்றது. வடமதிலின் வாயில்களுள் திருவொற்றியூர்ப் பெயரும் எண்ணூர்ப் பெயரும் தாங்கியவை இருந்தன. வடக்கே செல்லும் வழிகள் எங்குத் தொடங்கின என்பதற்கு இவை சான்று.

எந்த முற்றுகையையும் காணாமலே மதில் பயனற்றுப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரம் பெருகப் பெருக, அது பகுதி பகுதியாக இடிக்கப்பட்டது. 1856இல் இராயபுரத்தில் இருப்பூர்தி நிலையம் திறந்த பின் எல்லையின் பொருளே மாறிற்று. எஞ்சிய துண்டு, பழைய நகர மதில் என்ற பெயரில், நடுவண் அரசின் தொல்லியல் துறைக் காப்பில் உள்ளது.

அயலார் கட்டிய அரணை நாம் ஏன் காக்க வேண்டும் என்று வினவுவாரும் உளர். வினா தகுதியுடையதே. கம்பெனியின் புகழ்பாடும் பலகை ஒன்றை நாட்டுவதே காப்பு எனின், அவர்களோடு நாமும் உடன்படுவோம். ஆயின் வீடிழந்து பெயர்ந்து, இருமுறை போரச்சத்திற்கு ஆளாகி, மதிலுக்கு வரி கேட்கப்பட்ட குடிகளுக்கு இதுவன்றி வேறு நினைவுச்சின்னம் இல்லை. தரங்கம்பாடியில் 1620இல் எழுந்த டேனியக் கோட்டை அருங்காட்சியகமாய் விளங்குகின்றது. அங்கே காண்பார்க்குக் கதை சொல்ல அறைகள் உள்ளன. இங்கும் மதிலின் அடியில் வளைந்த கூரையுடைய அறைகள் உள்ளன.

காப்புச் சட்டம் பற்றியும் ஒரு சொல். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டர் அளவிற்குப் புதுக் கட்டடம் கூடாது. நெருங்கிய குடியிருப்புகளிடையே இவ்விதி அண்டையில் வாழ்வார்க்குச் சுமையாகும். சுமையை மட்டும் ஏற்றிவிட்டு, கதவையும் பூட்டிவிடின், அவர்கட்கு அம்மதிலோடு என்ன உறவு? மாலையில் காற்று வாங்க வந்தோரே இதனை இதுகாறும் உயிர்ப்பொருளாய் வைத்திருந்தனர் என்பது எம் கருத்து. ஆதலின் மேலே பூங்கா பூங்காவாகவே இருத்தல் வேண்டும். கீழறை ஒன்றில் பேட்டைகளின் வரலாறும் கவுனிகளின் பெயர்களும் தமிழில் எழுதி வைக்கப்பெறல் வேண்டும். அப்பெயர்களைத் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் சிலர் மேற்கொள்ளலாம். இராயபுரத்து முதியோரைக் கேட்டே அதனைத் தொடங்கல் தகும்.