முன்சக்கரத்தின் கைகள்

பந்தயக் கார்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் எஞ்சினின் பராக்கிரமத்தையும் ஓட்டியவரின் தீரத்தையும் பக்கம் பக்கமாக வர்ணித்திருக்கிறார்களே தவிர, முன்சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம் என்ற இரும்புக் கையையும், அந்தக் கையின் கண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சிறிய புஷ்ஷையும் பொருட்படுத்தி எழுதியவர்கள் மிகச் சொற்பம். ஆயினும், பிரேக்கை மிதித்தவுடன் கார் நேராக நிற்பதும், வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்பதும், எஞ்சினுக்கு எவ்வளவு குதிரை சக்தி இருந்தாலும், இவ்விரண்டின் தயவில்தான் நடைபெறுகின்றன.

ஆதியில் கை என்பதே கிடையாது. இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சில் கோத்து, அந்த அச்சைப் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் கட்டிவிடுவது 1930 வரை அநேகமாக எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஏற்பாடு. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மற்றதும் சாய்ந்தது. வேகமாகச் சுழலும் சக்கரம் சாயும்போது பம்பரத்துக்கு உள்ள அதே குணத்தினால் அது பக்கவாட்டில் திரும்பவும் முற்பட்டது. ஆகவே வேகம் கூடக்கூட ஸ்டியரிங் சக்கரம் ஓட்டுபவரின் கையில் வெடவெடவென்று ஆடியது. இத்தாலியின் லான்சியா லாம்ப்டா 1922இலேயே சக்கரங்களைத் தனித்தனியே ஏறி இறங்கச் செய்திருந்தது. ஆனால் அது கைகளின்றி, செங்குத்தான தூணில் வழுக்கி இயங்கும் வேறொரு முறை. கைகளுக்கு சாஸ்திரம் வகுத்த பெருமையில் பெரும் பங்கு மாரிஸ் ஒல்லி என்ற ஆங்கில எஞ்சினியருக்கு உரியது. ரோல்ஸ்ராய்ஸின் அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து 1930இல் காடிலாக் கம்பெனிக்கு வந்த அவர், ஒரு காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, எடையை இடம் மாற்றி மாற்றி அதிலேயே ஏறிச் சவாரி செய்து, எந்த நிலையில் உடம்பு நோகவில்லை என்று சோதித்தார். சௌகரியத்துக்கு முன்பக்க ஸ்பிரிங்குகள் மென்மையாக வேண்டும், பழைய அச்சை வைத்துக்கொண்டு அவற்றை மென்மையாக்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. 1934ஆம் வருஷத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றில் மேலே குட்டையாகவும் கீழே நீளமாகவும் இரண்டு கைகள் தோன்றின; அதற்கு முந்திய வருஷமே ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் பென்ஸ் 380 காரிலும் இரட்டைக் கைகளும் சுருள் ஸ்பிரிங்கும் வந்துவிட்டன. மேல் கை குட்டையாயிருப்பதன் காரணம் எளியது: வளைவில் உடல் சாயும்போது அது சக்கரத்தின் தலையை உள்நோக்கி இழுத்துக்கொள்வதால், டயரின் முகம் தரையை விட்டு அதிகம் விலகுவதில்லை.

கைகள் வந்தவுடன் மூட்டுகளும் பெருகின. எஃகு ஊசியை வெண்கலப் புஷ்ஷுக்குள் நுழைத்து, கிரீஸ் நிப்பிள் வழியாக ஓயாமல் கிரீஸ் ஏற்றிக்கொண்டேயிருப்பது ஆரம்ப கால வழக்கம். மறந்தால் மூட்டு தேய்ந்து லொடலொடக்கும். இந்தத் தொல்லைக்கு நிவாரணமாகப் பயன்பட்டது, 1920களில் பிரான்ஸில் ஸைலன்ட்பிளாக் என்ற பெயரோடு பிறந்த ரப்பர் புஷ். இரண்டு எஃகுக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை நெருக்கி அடைத்தால், வெளிக் குழாயைக் கையும் உள் குழாயைப் போல்ட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கை ஏறி இறங்கும்போது எதுவும் எதன் மேலும் உராய்வதில்லை, ரப்பர் தன் உடம்புக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு மீள்கிறது. கிரீஸும் வேண்டாம், சப்தமும் இல்லை. இதில் அடங்கிய ஒரு சூட்சுமத்தை இன்றும் பல ஒர்க்‌ஷாப்புகளில் கோட்டை விடுகிறார்கள்: கார் ஜாக்கியின் மேல் தூக்கி நிற்க, கைகள் தொங்கும் நிலையில் அந்தப் போல்ட்டை முடுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்க்கையைத் தொடங்கி, சீக்கிரமே கிழிந்துபோகிறது. சக்கரங்கள் தரையில் பாரத்தைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும்.

பந்தயக்காரர்களில் பலர் கைகளைச் சொந்தமாக வார்க்கவில்லை, ஏழைக் கார்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது இந்தச் சரித்திரத்தின் ருசிகரமான அத்தியாயம். யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946இல், எந்தச் சாமானும் எளிதில் அகப்படாத இங்கிலாந்தில், ஸர்பிடன் என்ற ஊரின் சார்ல்ஸ் கூப்பரும் அவர் குமாரர் ஜானும், டோபோலினோ என்று செல்லப் பெயர் பெற்ற ஃபியட் 500 சிறு கார்களின் இரண்டு முன்பாகங்களை எடுத்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்து, நடுவில் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி ஒரு பந்தயக் காரைச் சிருஷ்டித்தார்கள். பிற்காலத்தில் உலக சாம்பியன்ஷிப் வென்ற கூப்பர் பரம்பரைக்கு மூலபுருஷன் அந்த ஒட்டுக் கார்தான்.

லோட்டஸ் கார் கம்பெனியை ஸ்தாபித்த காலின் சாப்மன் சிக்கனத்தை ஒரு தத்துவமாகவே கொண்டவர். 1957ஆம் வருஷத்து லோட்டஸ் 12இல், காரின் சாய்வைத் தடுக்கும் கம்பியையே மேல் கையின் ஒரு பாதியாக அவர் உபயோகித்தார். ஒரு பொருளுக்கு இரண்டு வேலை. 1962இல் வந்த லோட்டஸ் எலானின் முன்சக்கரம் தாங்கும் நிமிர்துண்டோ, ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற சாதாரணக் குடும்பக் காரின் வம்சத்தைச் சேர்ந்தது. 1967இல் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு என்ற பந்தயப் பிரிவின் கார்களிலும் அதே குலத்து நிமிர்துண்டுகள் ஏராளமாக இடம்பெற்றன. இந்த ஹெரால்ட் நமக்கு அந்நியமன்று. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரோடு 1961 முதல் சென்னையில் உற்பத்தியாகி, டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய அதே கார்தான். யுத்த காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட்டோடும் அம்பாஸடரோடும் போட்டியிட்டதும் அதுவே. அதன் நிமிர்துண்டின் அடிமுனை மரை வெட்டப்பட்டு, ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையே சுழலும். அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இதை அலட்சியம் செய்தவர்களின் கார்களில் மரைக்குள் ஈரம் புகுந்து, துரு அரித்து, ஒரு நாள் துண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட கைகளில் பந்தயக்காரர்களுக்குப் பிடிக்காதது ரப்பர். பலமாகப் பிரேக் போடும்போது ரப்பர் அமுங்கிச் சக்கரம் பின்னுக்கு நகரும், அதன் கோணம் மாறும், ஓட்டுபவர் நினைத்த கோடு தவறும். அவர்களுக்கு விடை கிடைத்தது ஒரு போர் விமானத்திலிருந்து. 1940இல் பிரிட்டனில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய விமானம் ஒன்றின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில், வளையத்துக்குள் எஃகுக் குண்டு சுழலும் ஒரு மூட்டு இருந்தது. அமெரிக்காவில் ஹெய்ம் கம்பெனியும், இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோ ஊரில் பொட்டலம் கட்டும் யந்திரங்களைச் செய்துவந்த ரோஸ் சகோதரர்களும் அதைத் தயாரிக்கத் தலைப்பட்டார்கள். யுத்தத்துக்குப் பின் அது பந்தயக் கொட்டகைகளில் குடியேறியது. அதன் வால் மரையை அரைச் சுற்றுத் திருகினால் கையின் நீளம் மாறும், சக்கரத்தின் சாய்வைத் துல்லியமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குத் தாட்சண்யம் இல்லை: சாலையின் அதிர்ச்சி முழுவதையும் சட்டத்துக்கே அனுப்பிவிடும், மணல் புகுந்தால் சீக்கிரம் தேயும், இழுப்பையும் அழுத்தத்தையும் சகிக்கிற அந்த மரைத் தண்டு வளைப்பைச் சகிக்காமல் முறியும். குண்டு வளையத்தை விட்டு வெளிவந்தாலும் கை கழன்றுவிடாதபடி போல்ட்டில் ஓர் அகன்ற வாஷரைச் சேர்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

இதற்கிடையே ஏர்ல் மக்ஃபர்ஸன் என்ற எஞ்சினியர் மேல் கையையே ஒழித்துவிட்டார். 1950இல் வந்த ஃபோர்டு கான்ஸலில் ஷாக் அப்ஸார்பரே தூணாக நின்று சக்கரத்தின் தலையைப் பிடித்துக்கொள்ள, கீழே ஒரு கை மாத்திரம் எஞ்சியது. அந்த ஒற்றைக் கையின் புஷ் எது என்ற கேள்வி அதன் பிறகுதான் உண்மையில் கனத்தது. 1986இல் வெளியான பி.எம்.டபிள்யூ எம்3 காரை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அரிவாள்போல் வளைந்த அதன் கீழ்க் கை உட்புறத்தில் ஒரு பால் ஜாயிண்டிலும், பின்முனையில் உடலோடு முடுக்கிய பிராக்கெட்டுக்குள் ஒரு ரப்பர் புஷ்ஷிலும் நிற்கிறது. சாதாரண 3 வரிசைக் கார்களில் அந்தப் புஷ்ஷின் துளை நடுவில் இருக்க, எம்3இல் மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளித் துளைத்தார்கள். கையின் வால் சற்றே வெளியே நகர, சக்கரம் சற்றே முன்னே வந்தது. சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வாகிய காஸ்டர் கோணம் கூடி, திருப்பும்போது வெளிச்சக்கரம் வளைவுக்குள் சாய்ந்து பிடித்தது. 1987இல் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை ராபர்டோ ரவாலியா வென்றது இந்த எம்3இல்தான்.

இன்று அந்த எம்3 கார்களைப் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: துளை தள்ளிய புது ரப்பர், 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்டுபிடித்த பாலியூரித்தேனில் வார்த்த கடினப் புஷ், முன்சொன்ன குண்டு மூட்டு. தளத்துக்குத் தானே ஓடிச் சென்று மாலையில் வீடு திரும்பும் காருக்குப் புது ரப்பரே உசிதம் என்பது என் அபிப்பிராயம். இருபது வருஷத்துப் பழைய ரப்பரை மாற்றினாலே பாதி நோய் தீர்ந்துவிடுகிறது. பாலியூரித்தேன் ரப்பரைப்போல முறுகாது, கையின் முனை அதற்குள் வழுக்கித்தான் திரும்ப வேண்டும். ஆகவே ரப்பர் ஒழித்த கிரீஸ் மறுபடியும் வந்து சேர்கிறது, அது உலர்ந்தால் கீச்சிட்டுப் பிடித்துக்கொள்ளும். கையைப் பொறுத்தவரை, அலுமினியத்தின் லாகவம் கவர்ச்சியானதுதான். எனினும் எஃகுக் கை தட்டுப்பட்டால் முறிவதற்கு முன் வளைந்து காட்டும் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். லாரியில் ஏற்றி இறக்கப்படும் முழுப் பந்தயக் காருக்கு மாத்திரம் குண்டு மூட்டு பொருந்தும். அதன் சொந்தக்காரர் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டிப் பார்த்து, தளர்ந்த மூட்டைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.