பெருந்தோட்ட நாட்டிற் சிறுதோட்டம்: சப்பிரகமுவா தரும் படிப்பினை

அகல உழுவதினும் ஆழ உழுவது நன்று என்பது தமிழுழவர் வழிவழி போற்றிவரும் முதுமொழி. ஏர் பிடித்தவர் கண்ட இவ்வுண்மை பொருளீட்டும் பிற தொழில்களுக்கும் பொருந்துமா என்பது ஆராயற்பாலது. அவ்வாராய்ச்சிக்கு, இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவா மாகாணம் சிறந்ததொரு களமாகும். பல நூறு ஏக்கர்ப் பெருந்தோட்டமும் அரை ஏக்கர்ச் சிறுதோட்டமும் ஒரே பயிரை, ஒரே சந்தைக்காக, இங்கு நெடுங்காலமாக அருகருகே விளைவித்து வருகின்றன.

1869 ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் தேயிலை பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே, தாழ்ந்த மலைச்சாரல்களில் இறப்பரும் பரவிற்று. இலண்டனிற் பதிவுபெற்ற கம்பனிகள் பல பெருந்தோட்டங்களை நடத்தின. கொழும்பிலிருந்த முகவர் நிலையங்கள் அவற்றை மேற்பார்த்தன. அவற்றில் உழைத்தோருட் பெரும்பாலார் தென்னிந்தியாவினின்று வந்த தமிழர். அயலிலிருந்த சிங்களக் கிராமத்தாரும் தம் வயலை அடுத்த மேட்டுநிலத்தில் இறப்பர் நட்டனர். பத்து ஏக்கருக்குக் குறைந்த இத்தகைய நிலங்களே சிறுதோட்டங்கள் எனப்பட்டன.

இரு முறைகளின் வலிமையையும் 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் சோதித்தது. 1932 இல் இறப்பர் விலை அதலபாதாளத்தில் வீழ்ந்தது. விலை வீழ்ந்த அளவுக்குப் பெருந்தோட்டத்தின் செலவு வீழவில்லை. துரைமார் சம்பளம், முகவர் தரகு, கடன் வட்டி என்பன, பால் வெட்டினும் வெட்டாதுவிடினும் கொடுத்தே தீரவேண்டியவை. ஆதலாற் பல தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். சிறுதோட்டக்காரரோ கத்தியைக் கூரையிற் செருகிவிட்டு வயலுக்குச் சென்றனர். வீட்டைச் சுற்றிப் பலாவும் தென்னையும் நின்றன. வெட்டாத இறப்பர் மரம் கெட்டுப்போவதில்லை. விலை சற்றே ஏறின், முகவரின் கடிதத்துக்குக் காத்திராது மறுநாட் காலையே வெட்டத் தொடங்கலாம். பாலை அமிலமிட்டு உறைவிக்கச் சில தட்டுகளும், தகடாக்க ஒரு கையுருளையும், உலர்த்தப் புகையும் போதுமானவை.

எனினும், சிறிதாயிருத்தல் ஒன்றே நன்மை என முடிவுகட்டல் தவறாகும். சிறுதோட்டத் தகடுகள் பெரும்பாலும் தரங்குறைந்தவையாதலின், ஊர் வியாபாரி சொன்னதே விலையாயிற்று. முதிர்ந்த மரத்தை அகற்றிப் புதுக்கன்று நட்டால், அது பால்தர ஆறேழு ஆண்டு செல்லும். அதுவரை அக்குடும்பம் எதனை உண்ணும்? இவ்விடர்ப்பாட்டை நோக்கியே 1953 ஆம் ஆண்டில் இறப்பர் மறுநடுகை உதவிப்பணச் சட்டம் நிறைவேறிற்று.

தேயிலையின் வரலாறு இதனை மேலும் விளக்கும். பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலை சேரவேண்டும். அதனை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தும் இயந்திரங்களை அரை ஏக்கர் உடையவர் வாங்க இயலாது. ஆகவே தொழில் இரண்டாகப் பிரிந்தது. கண்ணுங் கையும் வேண்டிய பயிர்ச்செய்கை குடும்பத்திடம் நின்றது. பெருமுதல் வேண்டிய ஆக்கவேலை கொழுந்து வாங்கும் தொழிற்சாலையிடம் சென்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றுட் பெரும்பாலானவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. அவை இவ்வாறு கைமாறிக்கொண்டிருக்க, சிறுதோட்டங்கள் பெருகின. 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவற்றுக்கெனத் தனி அதிகாரசபை தோன்றிற்று. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த நல்லினக் கன்றுகள் ஊரெங்கும் நடப்பட்டன. மேற்காசிய நாடுகள் தாழ்நாட்டுத் தேயிலையை விரும்பி வாங்கின. இன்று இலங்கைத் தேயிலையிற் பத்தில் ஏழு பங்களவு சிறுதோட்டக் கொழுந்தினின்றே ஆக்கப்படுகின்றது.

இவ்வெற்றியிற் பங்குபெறாதார் ஒரு சாரார் உளர். கொழுந்தின் பக்குவமும் கவ்வாத்தின் நுட்பமும் தலைமுறை தலைமுறையாக அறிந்த தோட்டத் தமிழர் அவர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாற் பலர் கடல்கடந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியதாயிற்று. நிலம் பகிரப்பட்ட காலத்தில் நிலம் பெறும் நிலையில் அவர் இருக்கவில்லை. மந்தம் வந்தபோது சிறுதோட்டக்காரர்க்குத் திரும்பிச்செல்ல வயலிருந்தது. லயனில் வாழ்ந்தவர்க்கு அவ்வறையும் தோட்டத்துக்கே உரியது.

அண்மைக்காலத்திற் சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பிரித்தொப்படைத்து, வருவாயைப் பகிரும் முறையை மேற்கொண்டுள்ளன. சிறுமுயற்சியின் பயனை உணர்ந்ததன் அறிகுறி இது. ஆயினும் கேகாலைச் சிறுதோட்டக்காரரைக் காத்தது நிலத்தின் குறுகிய பரப்பன்று. எப்போது வெட்டுவது, எப்போது நிறுத்துவது, இடையில் எதனை நடுவது என்று தாமே முடிவுசெய்ய இயன்றமையே அவரைக் காத்தது. அம்முடிவுரிமைக்கு அடித்தளம் நிலவுரிமை. அது சேராத சிறுதுண்டு, பெருந்தோட்டத்தின் இடரைத் தொழிலாளர் தலைமேல் ஏற்றும் மற்றொரு வழியாக முடிதல் கூடும். அது சேருமாயின், ஆழ உழும் ஆற்றல் உடையார்க்கு உழுவதற்குச் சொந்த நிலமும் கிட்டியதாகும்.