வீட்டுக்காரர் என்ன பண்றார்?

பத்து வயது முடிவதற்குள் நான் ஆறு வீடு மாறியிருந்தேன். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். வாசலில் ‘டு லெட்’ பலகை தொங்கும். மணியடித்தால் யாராவது வந்து போர்ஷனைக் காட்டுவார்கள். தண்ணி லாரி எத்தனை நாளைக்கு ஒரு தடவை, கரண்டுக்குத் தனி மீட்டரா, பாத்ரூம் பொதுவா, எல்லாம் பேசுவார்கள். வாடகை 600. அட்வான்ஸ் பத்து மாசம். அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டுத் தலையாட்டுவாள். கிளம்பும்போது அந்தக் கேள்வி வரும்.

“வீட்டுக்காரர் என்ன பண்றார்?”

முதல் வீட்டில் அம்மா உண்மையைச் சொன்னாள். அந்த வீடு கிடைக்கவில்லை. இரண்டாவது வீட்டில் “வெளியூர்ல வேலை” என்றாள். மூன்றாவது வீட்டில் அப்பா துபாய்க்கே போய்விட்டார். நானும் அதைப் பாடமாக்கிக்கொண்டேன். “அப்பா எப்ப வருவார்?” என்று யாராவது கேட்டால், “லீவு கெடைக்கல ஆன்ட்டி.” பொய் சொல்லக் கூடாது என்று என்னை அடித்து வளர்த்த அம்மா, இந்த ஒரு பொய்யை மட்டும் ஒழுங்காகச் சொல்கிறேனா என்று பக்கத்தில் நின்று கவனிப்பாள். எட்டு மாதத்தில் எப்படியோ விஷயம் வெளியே வந்தது. “ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு எங்களுக்கே வேணும்” என்றார்கள். நாங்கள் காலி செய்த வாரமே அங்கே மறுபடி பலகை தொங்கியதைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தக் கேள்வியில் உள்ள வார்த்தை என்னை உறுத்தியது. நம் பேச்சில் வீட்டின் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான், புருஷனும் வீட்டுக்காரர்தான். மனைவி என்ற சொல்லில் மனை இருக்கிறது. இல்லாள் என்ற சொல்லில் இல் இருக்கிறது. வீட்டின் பெயரையே அவளுக்குச் சூட்டிவிட்டு, வீட்டை மட்டும் இன்னொருவர் பெயரில் வைத்துக்கொண்டோம். பிறந்த வீடு, புகுந்த வீடு என்று அவளுக்கு இரண்டு வீடு. இரண்டிலும் இல்லாமல் பிள்ளையோடு நிற்பவளுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் வாழாவெட்டி. அது வசவு, விலாசம் இல்லை.

அம்மா வீட்டை விட்டு வந்தது 1993-இல், எனக்கு ஆறு வயது. ஒரு ரெக்சின் பை, என் ஸ்வெட்டர், ஒரு எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம். திருச்சியிலிருந்து ராத்திரி வண்டி. விடியற்காலை எழும்பூரில் இறங்கி, வெளிச்சம் வரும்வரை பெண்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் ஒரே யோசனை மாமா வீடு. அங்கே பதினோரு நாள் இருந்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில் மாமி காப்பி கொடுத்துவிட்டு, “எத்தனை நாளைக்குன்னு ஒரு முடிவு பண்ணிக்கிட்டா நல்லது” என்றார். மாமியைக் குறை சொல்ல மாட்டேன். அது ஒரு ரூம் கிச்சன் வீடு. அவருக்கும் அதில் சொந்தமாக எதுவும் இல்லை.

அந்தப் பன்னிரண்டாம் நாள் அம்மா எங்கே போயிருக்கலாம்? சட்டத்திலும் நகரத்திலும் அவளுக்கு என்ன கதவு திறந்திருந்தது? இதைத் தேடித்தான் பழைய விஷயங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

சென்னையில் வீடில்லாத பெண்களுக்குக் கதவு திறந்த கதை பெரும்பாலும் தனி மனுஷிகளின் கதை. 1886-இல் பிறந்த சுப்பலட்சுமி சின்ன வயதிலேயே விதவையானவர். 1911-இல் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டுகளில், தன்னைப் போன்ற நான்கு இளம் விதவைகளைத் தன்னோடு வைத்துப் படிக்கவைக்க ஆரம்பித்தார். இடம் போதாமல் போய் அந்த விடுதி திருவல்லிக்கேணி கடற்கரையின் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் அது. அங்கிருந்து படித்து வெளியேறியவர்கள் ஆசிரியைகளானார்கள். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண் சம்பளம் வாங்கினாள் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது பிராமண இளம் விதவைகளுக்கான விடுதியாகத் தொடங்கியது. அதன் கணக்கில் இருந்தது படிக்க வேண்டிய ஒரு பெண். இடுப்பில் பிள்ளையோடு வருபவள் அந்தக் கணக்கில் இல்லை.

1930-இல் இன்னொரு கதவு. தேவதாசி முறையிலிருந்து வெளியேற நினைத்த சிறுமிகள் தங்க இடம் தேடினார்கள். விடுதிகள் சேர்க்க மறுத்தன. அவர்கள் முத்துலட்சுமி ரெட்டியிடம் வந்தார்கள். அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. இன்றைக்கு ‘அவசரகாலத் தங்குமிடம்’ என்று அரசுத் தாள்களில் எழுதுகிறோமே, அதன் தொடக்கம் ஒரு டாக்டரம்மா தன் வீட்டு வாசலைத் திறந்ததுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசும் இந்த வேலையில் இறங்கியது. விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களும் தங்கிப் படிக்க, தாம்பரம் போன்ற ஊர்களில் சேவை இல்லங்கள் நடந்தன. எத்தனையோ பேர் அவற்றால் பிழைத்தார்கள். ஆனாலும் இவை எல்லாமே ‘இல்லங்கள்’. மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் விளக்கணைப்பு. உள்ளே வருபவள் அபலை என்ற பெயரோடு வர வேண்டும். தன் சாவியால் தன் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்த் திரும்பும் வீடு என்பது வேறு. அது குடும்பத்துக்கு மட்டுமே உரியது, குடும்பம் என்றால் ஒரு ஆண் என்றே எல்லாப் படிவங்களும் நினைத்தன.

இது தமிழர்களுக்கெல்லாம் பொதுவான வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என்னோடு கல்லூரியில் படித்த மட்டக்களப்புத் தோழி சிரித்தாள். “எங்கட ஊரில வீடு பொம்பிளைக்குத்தானே. கலியாணம் முடிச்சா அவர்தான் வந்து இருப்பார்” என்றாள். இலங்கையின் கிழக்குக் கரையில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை அங்கே குடிவருகிறார். சண்டை முற்றினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவர் அவர். இதில் பாரமும் உண்டு. மகள் பிறந்தவுடன் தகப்பனும் அண்ணன்மாரும் கல்லுக்கும் சீமெந்துக்கும் ஓட வேண்டும். ஆனாலும் அந்தப் பெண் நடுராத்திரியில் பிள்ளையோடு ரயிலேற வேண்டியதில்லை.

பிறகு 2004 சுனாமி வந்தது. கரையோர வீடுகள் போயின. புது வீடும் நிவாரணமும் கொடுக்க வந்த அதிகாரிகளின் தாளில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பெண்ணின் பெயரில் நின்ற வீடு அழிந்த இடத்தில், ஆணின் பெயரில் புது வீடு எழுந்தது. பல இடங்களில் இப்படி நடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடல் கொண்டுபோனது சுவரை. உரிமையைக் கொண்டுபோனது அந்தக் கட்டம்.

அதே சுனாமி சென்னையிலும் ஆட்களைத் தூக்கி எறிந்தது. கரையோரத்திலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. அதற்கு முன்பே 2000-லிருந்து கண்ணகி நகர் நிரம்பத் தொடங்கியிருந்தது. எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அக்காவும் அங்கே போனார். இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. “சொந்த வீடும்மா” என்று சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் பிடித்து வந்து நாலு வீட்டு வேலை பார்த்துத் திரும்புவதற்குள் இருட்டிவிடும். சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நாலு வீடு இரண்டானது, பிறகு அதுவும் நின்றது. மலிவான வீடு என்பது வாடகைக் கணக்கு மட்டும் இல்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்கு வேலையும் பள்ளிக்கூடமும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்ததுதான் வீடு.

சட்டம் என்ன சொன்னது? 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உயில் எழுதாமல் அப்பா இறந்துபோனால் மகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும்வரை, அவள் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. அங்கே குடியிருக்கும் உரிமை வேண்டுமானால் அவள் கல்யாணமாகாதவளாகவோ, புருஷன் கைவிட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும். கேவலமான பிரிவுதான். 2005 திருத்தத்தில் அதைத் தூக்கியெறிந்தார்கள். ஆனால் அந்தக் கேவலத்துக்குள்ளேயே அம்மாவுக்கு ஒரு கதவு இருந்தது. தாத்தா 1996-இல் இறந்தார். வீடு அவர் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டியது, உயில் கிடையாது. ஊர் வாழாவெட்டி என்று சொன்ன அதே காரணத்துக்காக, சட்டம் அவளை அந்த வீட்டில் இருக்கலாம் என்றது.

அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். ஐயாயிரம் ரூபாயும் ஒரு புடவையும் கொடுத்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டாள். அந்த ஐயாயிரம்தான் எங்கள் ஆறாவது வீட்டின் அட்வான்ஸில் பெரும்பகுதி.

அந்த ஆறாவது வீடு புரசைவாக்கத்தில். வீட்டுக்காரம்மா தனியாக இருந்த விதவை. வழக்கம்போல அம்மா துபாய்க் கதைக்குத் தயாராக நின்றாள். அவர் அதைக் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்து, “பாப்பா எந்த ஸ்கூல்?” என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டில் பதினாலு வருஷம் இருந்தோம்.

அம்மாவுக்குப் பின்னால் வந்த பெண்களுக்குக் கதவுகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும், கூடி வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்றது. அங்கே இருக்க முடியாவிட்டால் அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ, அதன் வாடகையைக் கட்டவோ கணவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அதைச் சுருக்கியது. மாமியார் பெயரில் உள்ள வீடு இதில் வராது என்றது. வீட்டை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டால் போதும் என்று எத்தனை பேர் கற்றுக்கொண்டார்களோ! 14 வருஷம் கழித்து, 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அது தவறு என்று திருத்தியது. பதினாலு வருஷத்தில் ஒரு குழந்தை ஒன்பதாவது படித்துக்கொண்டிருக்கும்.

அவசரத்துக்கும் இப்போது இடங்கள் உண்டு. 2010-இல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடம் வேண்டும் என்றது. சென்னை மாநகராட்சி பெண்களுக்கெனத் தனியாகச் சில காப்பகங்களை நடத்துகிறது. 181-க்கு அடித்தால் பக்கத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தைச் சொல்வார்கள். 2015-இல் வந்த அந்த மையங்களின் தொடக்க விதிப்படி, பெண் தன் பிள்ளைகளோடு ஐந்து நாள்வரை தங்கலாம். மகள் எந்த வயதிலும் கூட இருக்கலாம், மகன் என்றால் எட்டு வயதுவரை. ஒன்பது வயதுப் பையனோடு நிற்கும் அம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து நாளில் வேலை, அட்வான்ஸ், வீடு மூன்றையும் தேட வேண்டியவளை நினைத்துப் பார்க்கிறேன். படிவங்களும் மெல்ல மாறுகின்றன. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் வீட்டின் மூத்த பெண்தான் என்கிறது. பிரதமர் வீட்டுத் திட்டம் பெண்ணின் பெயரிலோ கூட்டாகவோ வீட்டை எழுதச் சொல்கிறது. ‘டு லெட்’ பலகைக்குப் பின்னால் நிற்பவரின் கேள்வி மட்டும் இன்னும் மாறவில்லை. போன வருஷம் என் அலுவலகத் தோழி மகனோடு வீடு தேடியபோது அதே கேள்வி, அதே தொனி.

விடுதலைப் பத்திரத்தின் நகலை அம்மாவின் டிரங்குப் பெட்டியில்தான் கண்டெடுத்தேன். பழைய வாடகை ரசீதுகளுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தாள். 23-ஆம் பிரிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளும் ஒரு தடவை படித்தாள்.

“தெரிஞ்சிருந்தா அங்க போய் இருந்திருப்பியாம்மா?”

ரொம்ப நேரம் யோசித்தாள்.

“இருந்திருக்க மாட்டேன். அவங்க மூஞ்சியில தெனம் முழிக்க என்னால ஆகாது” என்றாள். பத்திரத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்தாள். “ஆனா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.”