கிளியும் அன்னமும்: தமிழ்க் கல்வியில் வினா வளர்ந்த வரலாறு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசப் புகுமுன் கற்பாரின் இயல்பைப் பேசினார். பொதுப்பாயிரத்தில் அவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். பாலையும் நீரையும் பிரித்துக்கொள்ளும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் ஆவும் தலைமாணாக்கருக்கு உவமைகள். உழுபவன் முயற்சிக்கேற்ப விளையும் நிலமும், சொல்லித் தந்ததையே சொல்லும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமைகள். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கரைக் குறிப்பன.

நூல்கள் ஓலையில் வாழ்ந்த காலம் அது. ஓலை செல்லுக்கு இரையானால் மனப்பாடம் ஒன்றே நூலைக் காக்கும். அத்தகைய காலத்திலும் கிளிக்கு முதலிடம் தரப்படவில்லை. பகுத்தறியும் ஆற்றலே தலைமாணாக்கனின் இலக்கணமாக வைக்கப்பட்டது. கிளியாகத் தொடங்கும் குழந்தை அன்னமாக வளர்வது எவ்வாறு என்னும் வினாவுக்குத் தமிழ்க் கல்வி வரலாறு தரும் விடை ஆராயத்தக்கது.

முதற்படி திண்ணைப் பள்ளி. அங்கே குழந்தை மணலில் விரலால் எழுதிப் பழகிற்று. பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று பாடம் வளர்ந்தது. முன்னரே கற்ற சட்டாம்பிள்ளை ஓதுவிக்க, ஏனையோர் உரத்த குரலில் உடன் ஓதினர். இருபதில் ஒன்றாகிய மாவும், எண்பதில் ஒன்றாகிய காணியும், முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரியும் நாவில் நின்றன. நிலத்தையும் நெல்லையும் மனத்திலேயே கணக்கிடும் திறன் அதனால் வாய்த்தது. பொருள் விளங்குவதற்கு முன்பே சொல் நெஞ்சில் பதிய வேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் நாட்டுக்கல்வி பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அக்கணக்கெடுப்பில் பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823இல் அளித்த அறிக்கை குறிப்பிடத்தக்கது. தெலுங்கும் கன்னடமும் வழங்கிய மாவட்டம் அது. எனினும் அவர் கண்ட பள்ளிமுறை தமிழ்த் திண்ணைகளிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. மணலில் எழுதும் சிக்கனத்தையும், மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அவர் பாராட்டினார். அதே அறிக்கையில் ஒரு குறையையும் சுட்டினார். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்யுட்களின் பொருளை விளக்கவல்ல ஆசிரியர் சிலரே. விளங்கிக்கொள்ளும் மாணவர் அவரினும் சிலர் என்பது அவர் கண்டது. அயலார் கூற்று என்று இதனை ஒதுக்கிவிடுதல் முறையன்று. பவணந்தியார் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கிளிக்கு இடை நிலையே தந்தார்.

குறை மனப்பாடத்தில் இல்லை. மனப்பாடத்தோடு கல்வி நின்றுவிட்டதில் இருந்தது. அதற்கு மேலும் ஒரு படி உண்டென்பதை நன்னூலே கூறுகிறது. பாடம் போற்றுதலும் கேட்டவற்றை நினைத்தலும் மாணாக்கன் கடமைகள். அவற்றோடு வினாவுதலும் வினாவியவற்றுக்கு விடையளித்தலும் கடமைகளே. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் புலமையின் காற்கூறே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும் என்று அந்நூல் பங்கிடுகிறது. ஆசானுக்குக் கால், தோழர்க்குக் கால், கேட்போர்க்கு அரை! பிறரிடம் விளக்கப் புகும்போதுதான் தான் அறிந்ததும் அறியாததும் ஒருவனுக்குப் புலனாகின்றன என்னும் உண்மை இப்பங்கீட்டில் அடங்கியுள்ளது.

நூலாசிரியன் கொள்ளத்தக்க எழுவகை மதங்களையும் நன்னூல் வகுக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல் என்னும் இரண்டோடு அது அமையவில்லை. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவதும், இருவர் மாறுபட்ட இடத்து ஒன்றைத் துணிவதும் அவற்றுள் அடங்கும். மறுப்பதற்கு முன் பிறர் கருத்துக்குள் புகுந்து நோக்கும் பயிற்சி இது. உரைக்குரிய உறுப்புகளுள் வினாவும் விடையும் இடம்பெற்றமையும் ஈண்டு நினைத்தற்குரியது.

இவ்விதிகள் ஏட்டோடு நின்றவை அல்ல. இறையனார் அகப்பொருள் உரை இதற்குப் பழைய சான்று. அவ்வுரை கூறும் வரலாற்றில், சங்கப் புலவர் தத்தம் உரையே சிறந்ததென்று மாறுபட, ஐந்து வயது நிரம்பிய ஊமைப் பிள்ளையாகிய உருத்திரசன்மன் நடுவனாக அமர்த்தப்படுகிறான். நக்கீரர் உரை கேட்டு அவன் கண்ணீர் வார மெய்சிலிர்க்கிறான். அதுவே மெய்யுரை என்று துணியப்படுகிறது. கதையில் தீர்ப்புக்குக் காரணம் கூறப்படவில்லை. தெய்வத்தன்மை வாய்ந்த குழந்தையின் கண்ணீர் போதுமானதாயிற்று. ஆனால் அவ்வுரையின் உள்ளே புகுவோர் காண்பது வேறு நெறி. அங்கே ஒரு சொல் ஏன் அவ்விடத்தில் நின்றது, வேறு சொல் நின்றால் என்ன என்று தடை எழுப்பப்படுகிறது. காரணம் காட்டி விடை கூறப்படுகிறது. அவ்விடையின்மேல் மீண்டும் தடை எழுகிறது. கதை மெய்ப்பாட்டை நம்பிற்று. உரை காரணத்தை நம்பிற்று.

பின்வந்த உரையாசிரியர் அனைவரும் இந்நெறியில் வளர்ந்தவர். இளம்பூரணரைச் சேனாவரையர் மறுத்தார். முன்னோர் உரைகளை நச்சினார்க்கினியர் மறுத்தார். பரிமேலழகர் பிற பாடங்களை எடுத்துக்காட்டிக் காரணத்தோடு விலக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் சங்கர நமச்சிவாயரின் நன்னூல் உரையைத் திருத்தினார். இலக்கண விளக்கத்தின்மேல் சூறாவளி என்றே பெயரிட்டு ஒரு மறுப்பு நூல் எழுதினார். முன்னோரை வணங்குவதும் அவர் கூற்றை மறுப்பதும் ஒரே மாணாக்கனுக்கு இயலும் என்பதை இவர்கள் காட்டினர்.

ஆயினும் இந்த இரண்டாம் படியை எட்டியவர் மிகச் சிலர். பெண்டிர்க்கும், தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளப்பட்டோர்க்கும் முதற்படியே பெரும்பாலும் மூடியிருந்தது. மேற்படியோ மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் ஒடுங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கும் பாடத்தின் எல்லை குறுகி, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்பனவே புலமையின் அளவுகோல்களாயின.

அவ்வெல்லைக்குள் தலைசிறந்து விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். எவ்வெந் நூல்கள் கற்றீர் என்று முதலியார் கேட்டார். இருபத்தைந்து வயதினராகிய ஆசிரியர் நீண்ட பட்டியலைக் கூறினார். முதலியார் வியக்கவில்லை, அவற்றால் என்ன பயன் என்று கேட்டார். சிந்தாமணியும் மணிமேகலையும் படித்ததுண்டோ என்று வினவினார். இல்லை என்பதே விடையாயிற்று.

வயது வந்த ஒருவர் தம் கல்வியின் எல்லையைக் கண்ட நாள் அது. சைவச் சூழலில் வளர்ந்த அவர், சமண காப்பியத்தைக் கற்பதற்குக் கும்பகோணத்துச் சமணரை நாடி ஐயம் கேட்டார். ஆசிரியர் என்னும் தகுதி மாணாக்கராவதற்குத் தடையாகவில்லை. ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டபோது பாடங்கள் மாறுபட்டன. எழுதினோர் பிழை எது, ஆசிரியர் சொல் எது என்று ஒவ்வோரிடத்தும் துணிய வேண்டியிருந்தது. நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாது காட்டிய மேற்கோள்கள் எங்கிருந்து வந்தன என்னும் வினா, மறைந்துகிடந்த பழந்தமிழ் நூல்களை நோக்கி அவரைச் செலுத்திற்று. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று தொடர்ந்தன.

இளமையில் நெஞ்சில் பதிந்த ஆயிரக்கணக்கான செய்யுட்கள் இல்லையெனில், சிதைந்த ஏட்டில் சீரும் தளையும் வழுவிய இடத்தை அவர் கண்டிருத்தல் அரிது. முதலியாரின் வினா இல்லையெனில் அம்மனப்பாடம் அந்தாதிகளோடு நின்றிருக்கக்கூடும். கிளி கற்றதை அன்னம் பிரித்தறிந்தது. ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கொள்ளும் கல்வி முறைகள் இரண்டும் குறையுடையன என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இலக்கிய வட்டம் ஒன்றின் பணியும் இவ்வரலாற்றால் தெளிவாகிறது. நன்னூலார் உடன் பயில்வார்க்கு ஒதுக்கிய காற்கூறும், எடுத்துரைப்பதால் வரும் அரைக்கூறும் இத்தகைய அவைகளில்தான் நிறைவு பெறும். ஒரு கவிதை அரங்கேறும்போது எழும் பாராட்டு உருத்திரசன்மனின் கண்ணீரைப் போன்றது, அதுவும் வேண்டுவதே. அதன்பின் யாரேனும் ஒருவர் எழுந்து, இச்சொல் இங்கு நிற்பது ஏன் என்று கேட்க வேண்டும். அவ்வினாவைக் கவிஞர் பகையாகக் கொள்ளாது விடைகூற முற்படுவாராயின், அந்த அவையில் அமர்ந்திருக்கும் இளையோர் இருவகைக் கல்வியையும் ஒருங்கே பெறுவர்.