டார்ஜிலிங் சிவப்புக் காளான்

பி.காம் படிக்கிறவனுக்குக் காளான் எதற்கு என்று கேட்காதீர்கள். இது ரசீது சரியாக இல்லாத ஒரு கணக்குக் கதை.

குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் காளானைத்தான் நமக்குத் தெரியும். 'பொலீட்' வகையில் மடிப்புக்குப் பதில் பஞ்சு மாதிரி சின்னத் துளைகள். அதில் ஒன்று 'பொலீட்டெல்லஸ் எமோடென்சிஸ்'. குடை நம்ம ஊர்ப் பட்டுப்புடவை அரக்குச் சிவப்பு, செதில் செதிலாக வெடித்திருக்கும். துளைகள் மஞ்சள். நகத்தால் கீறினால் காற்றுப் பட்டு நீலமாகிவிடும்!

காஞ்சிபுரத்தில் தேட வேண்டாம். இது ஓக் போன்ற மரங்களின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்து வாழ்வது. மரம் சர்க்கரை தரும், காளான் மண்ணிலிருந்து நீரும் சத்தும் எடுத்துத் தரும். நம்ம வேம்பும் புளியும் கூட்டுச் சேர்வது வேறு வகைப் பூஞ்சைகளோடு.

1848-ல் டார்ஜிலிங் வந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், லெப்சா மக்களின் துணையோடு சிக்கிம் மலைகளில் செடிகொடிகளைச் சேகரித்தார். 1849 நவம்பரில் அவரையும் ஆங்கிலேய அதிகாரி கேம்ப்பெல்லையும் சிக்கிம் திவானின் ஆட்கள் பிடித்து வைத்தார்கள், டிசம்பரில்தான் விட்டார்கள். பதிலுக்கு ஆங்கிலேயர்கள் டார்ஜிலிங்குக்காக ராஜாவுக்குத் தந்துவந்த ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிறுத்தினார்கள். 1850-ல் தெராய் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வட்டியும் முதலுமாக என்பது இதுதான் போல!

ஹூக்கர் சேகரித்த காளான்கள் இங்கிலாந்தில் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியாரிடம் போயின. உருளைக்கிழங்கை அழுக வைத்தது ஒரு பூஞ்சைதான் என்று 1846-ல் எழுதியவர் அவர். 1851-ல் நம்ம சிவப்புக் காளானுக்குப் பெயர் வைத்ததும் அவரே. கிரேக்கரும் ரோமானியரும் இமயமலையை 'எமோடஸ்' என்றார்கள். அதிலிருந்து வந்தது அந்தப் பெயர். பெர்க்லி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. காய்ந்த காளானில் பழைய சிவப்பு நிற்காது, கீறினால் நீலமும் வராது. சாயம் போன நூலைப் பார்த்துப் புடவையின் நிறம் சொல்வது போலத்தான்.

பிறகு ஜப்பான் முதல் ஆஸ்திரேலியா வரை இப்படிச் செதில் வெடித்த சிவப்புக் காளான்கள் பலவற்றுக்கும் இதே பெயரைப் போட்டுவிட்டார்கள். 2015-ல்தான் ஜப்பான் ஆய்வாளர்கள் மரபணுவையும் பார்த்து இரண்டு புது இனங்களைத் தனியே பிரித்தார்கள். ஒன்றின் பெயர் 'ஆரோகான்டெக்ஸ்டஸ்', பொன்னிறச் சதை என்று பொருள். வெட்டிப் பார்க்காமல் அந்தப் பெயரை வைத்திருக்க முடியாது.

மலைப்பக்கம் போகிற நண்பர்கள் குடையை மட்டும் படம் எடுக்காமல், அடிப்பக்கத்தையும் கீறிய இடத்தையும் பக்கத்து மரத்தையும் சேர்த்து எடுங்கள். வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!