நேப்பியரும் ஆர்கைல் கோமகனும்

சென்னைக்காரர்களுக்குப் பாலத்தின் பெயராக மட்டுமே தெரிந்த நேப்பியர் பிரபு, 1866 முதல் 1872 வரை இங்கே ஆளுநராக இருந்தவர். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கச் செய்தவரும் அவரே. 1868இல் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் பொறுப்பேற்றவர் எட்டாம் ஆர்கைல் கோமகன். இருவரும் ஸ்காட்லாந்தின் நிலவுடைமைக் குலத்தவர். கோமகனின் நிலம் சுமார் 1,75,000 ஏக்கர். டைரீ தீவும் அதற்குள் அடக்கம். நேப்பியரின் எட்ரிக் நிலம் அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

நேப்பியரின் ஆளுநர் பதவி முடிந்து பத்தாண்டுக்குப் பின், ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் குடியானவர்கள் விஷயத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் மக்கள் மேய்ச்சல் உரிமைக்காகப் போலீசாரோடு மோதினார்கள். மறு ஆண்டு அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கு நேப்பியர் தலைவர். முதல் அமர்வு அதே பிரேஸில். முதல் சாட்சி வாய் திறக்குமுன் ஓர் உறுதி கேட்டார்: உண்மையைச் சொன்னதற்காகத் தன்னை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது. அந்த உறுதியைத் தர அரசு அமைத்த குழுவுக்கே அதிகாரமில்லை. நிலப்பிரபுவின் காரியஸ்தர்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது. குழு வெளியிட்ட அறிக்கையின் ஐந்து தொகுதிகளையும்விட இந்த ஒரு காட்சியே நிலைமையை எனக்கு முழுதாகச் சொல்கிறது.

ஊரையே ஓர் அமைப்பாகச் சட்டம் ஏற்க வேண்டும், பொது மேய்ச்சலை அதன் கையில் விட வேண்டும் என்று 1884 அறிக்கையில் நேப்பியர் பரிந்துரைத்தார். நம் ஊர்களை ஆண்ட அனுபவம் இதற்குத் துணை நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆர்கைலைக் கொடுங்கோலர் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிராக வடக்கின் பக்கம் நின்ற லிபரல் அவர். ஆனால் நிலம் அவருக்கு ஒப்பந்தப் பொருள். உடையவனும் குத்தகைதாரனும் பேசி முடிப்பதில் அரசுக்கு இடமில்லை. அந்தக் கொள்கைக்காகவே 1881இல், ஐரிஷ் நில மசோதாவை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். நேப்பியரின் அறிக்கையையும் பத்திரிகையில் கடுமையாகத் தாக்கினார். நேப்பியர் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். கோமகனின் நேர்மை மெய்யானது. ஆனால் விருப்பப்படி வெளியேற்றக்கூடியவனும் வெளியேற்றப்படக்கூடியவனும் சமமாக உட்கார்ந்து பேரம் பேச முடியாது என்பதை அவர் காண மறுத்தார்.

1886இல் வந்த சட்டம் ஊர் அமைப்பை விட்டுவிட்டது. குடியானவருக்கு நிலைத்த உரிமையும் நியாயமான வாடகையும் தந்தது. அதே ஆண்டு டைரீயில் கோமகனின் பண்ணையொன்றை மக்கள் ஆக்கிரமித்தபோது, கடற்படைக் காலாட்கள் அங்கே இறக்கப்பட்டார்கள்.